பெரியம்மாவின் பிகு

வணக்கம் அக்கா,

அம்மாவுக்கு 61 வயது. போன மாதம் நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் கூட்டிப்போனபோதுதான் தெரிந்தது, கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்திருக்கிறது. ஒன்பது வருடமாக! பழைய புடவைத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டே சமாளித்திருக்கிறாள். கேட்டால், 'இதையெல்லாம் யார்கிட்ட சொல்றது' என்கிறாள். என்னிடம்கூடவா? அழுகையும் கோபமும் மாறி மாறி வருகின்றன. ஆபரேஷன் என்றாலே பேச்சை மாற்றிவிடுகிறாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அம்மா சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கர்ப்பப்பை இறங்குவதைச் சொல்லும் 'அடியிறக்கம்' என்ற சொல்லையே நம் பெண்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அதை மகளிடம் எந்த நேரத்தில், எப்படி ஆரம்பிப்பது?

என் பெரியம்மா கல்யாண வீட்டில் தரையில் உட்கார மாட்டார். தூரமாகப் பஸ்ஸில் போக மாட்டார். இருமல் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். 'அக்காவுக்கு எப்பவும் ஒரு பிகு' என்பார் என் அம்மா. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவர் இறந்த அன்று குளிப்பாட்டிய பெண்கள்தான் விஷயத்தைக் கண்டார்கள். இந்த ஒன்பது வருடத்தில் உங்கள் அம்மா எதற்கெல்லாம் 'நான் வரல, நீங்க போயிட்டு வாங்க' என்றார்? யோசித்துப் பாருங்கள்.

நம்மில் பலர் இதைத் தன் உடம்பின் குறை என்றே நினைத்துக் கூசுகிறோம். நேபாளத்தில் இந்த அடியிறக்கம் நீதிமன்ற வழக்காகவே போனது. பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. கஷ்டமான பிரசவங்கள், பிள்ளை பெற்ற உடம்போடு சுமை தூக்கியது, மாதவிலக்கு நின்றபின் தசை தளர்வது, தீராத இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

சரி, ஆபரேஷன் பயத்துக்கு வருவோம். அது ஒன்றுதான் வழி என்றில்லை. கர்ப்பப்பையைத் தாங்கிப்பிடிக்கச் சிலிக்கான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்துவார்கள், பெசரி என்று பெயர். அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி வைக்க வேண்டும். அம்மாவுக்கு ஒத்துவருமா என்று ஒரு பெண் மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்புத் தசைப் பயிற்சி நல்லதுதான். ஆனால் இவ்வளவு இறங்கியபின் அது மட்டும் போதாது.

அப்புறம், 'ஏன் சொல்லல' என்று இன்னொரு தடவை கேட்காதீர்கள். முதன்முதலில் கையில் தட்டுப்பட்டபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்கும் அன்று அடுப்படியில் வேறு யாரும் வேண்டாம்.