அலாய் வீலுக்கு உரிக்கிற ரப்பர் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். ஆறு வருடம் ஓடிய சின்ன கார். அலாய் வீலின் வெள்ளி நிறம் மங்கிவிட்டது, கிரில்லில் இருக்கும் குரோம் பட்டையும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் மேட் பிளாக் ஆக்க ஆசை. ஆனால் வண்டியை விற்கும்போது பழையபடி இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் உரித்து எடுத்துவிடலாம் என்று ஒரு ரப்பர் ஸ்பிரேயைச் சொல்கிறார்கள். பிரேக் சூட்டில் உருகிவிடாதா? வீலைக் கழற்றாமல் நானே அடிக்க முடியுமா? உண்மையிலேயே உரிந்து வருமா?

பதில்: அடிக்கலாம், உரிந்தும் வரும். கெட்டியாக அடித்திருந்தால்தான் வரும். இந்த வேலையில் சொதப்புகிறவர்களில் பெரும்பாலோர் டின்னை மிச்சம் பிடித்தவர்கள்தான்.

சாதாரண பெயின்ட் அடியில் இருப்பதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இது அப்படியில்லை. டின்னுக்குள் செயற்கை ரப்பர் கரைப்பானில் கரைந்திருக்கிறது. அடித்ததும் கரைப்பான் பறந்துவிடும், ரப்பர் ஒரு படலமாக மேலே தங்கும். படலம் தடிமனாக இருந்தால் பால் ஏடு மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வரும். மெல்லிசாக இருந்தால் நகக்கண் அளவு துணுக்குகளாகப் பிய்யும். ஒரு வீலுக்கே அரை நாள் போய்விடும். அதனால் நான்கைந்து கோட் கட்டாயம். இரண்டாவது கோட்டிலேயே நிறம் முழுசாக ஏறின மாதிரி தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

வாங்கும்போதே ஒரு எச்சரிக்கை. கடையில் போய் 'மேட் பிளாக் ஸ்பிரே' என்று கேட்டால் சாதாரண அக்ரிலிக் டின்னை எடுத்து நீட்டுவார்கள். அது உரியவே உரியாது, வீலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். டின்னில் 'பீலபிள்' என்றோ 'ரிமூவபிள்' என்றோ எழுதியிருக்க வேண்டும். இந்த வகையில் பெயர்போனது அமெரிக்காவின் மினசோட்டாவில் தயாராகும் பிளாஸ்டி டிப். வேறு பிராண்டுகளும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் முதலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் நான்கு கோட் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, உரித்துப் பாருங்கள். மூடியில் வராதது வீலிலும் வராது. அளவு என்று பார்த்தால் ஒரு வீலுக்கு ஒரு டின் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் சூடு. பிளாஸ்டி டிப் சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பிரேக் டிஸ்க் அதைவிடப் பல மடங்கு சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பெயின்ட் அடிக்கப்போவது டிஸ்க்கில் இல்லை, வீலின் வெளி முகத்தில். காற்று பட்டுக்கொண்டே இருக்கும் அந்த இடத்துக்கு ஊருக்குள் ஓட்டும்போது அவ்வளவு சூடு வராது. கவலைப்பட வேண்டியது மலை இறக்கத்தில். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திம்பம் இருக்கிறது, 27 கொண்டை ஊசி வளைவு. அதை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பெயின்ட் என்ன, பிரேக்கே காலை வாரிவிடும். இரண்டாவது கியரில் இறங்குகிறவருக்கு இரண்டுமே பத்திரம்.

அடுத்து, உங்கள் வீல் இதற்குத் தகுதியா என்று பாருங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு (லேக்கர்) கொப்புளித்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் இந்த ஸ்பிரே வேண்டாம். உரிக்கும்போது மிச்ச லேக்கரும் சேர்ந்து வரும். சொரசொரப்பான இடத்தில் ரப்பர் உள்ளே இறங்கி ஒட்டியும்கொள்ளும். அந்த மாதிரி வீலுக்குப் பவுடர் கோட்டிங்தான் சரி. டயரைக் கழற்றி, பழைய பூச்சை எடுத்துவிட்டு, பவுடர் தூவி அடுப்பில் வேக வைப்பார்கள். செலவு கூடும், திரும்ப உரிக்கவும் முடியாது, ஆனால் உழைக்கும். நடைபாதை விளிம்பில் உரசிய கீறலையும் இந்த ரப்பர் மூடாது. நிறம் மாறும், பள்ளம் அப்படியே தெரியும்.

வீலைக் கழற்றாமலும் அடிக்கலாம், பலர் அடிக்கிறார்கள். நான் கழற்றச் சொல்வேன். வீலின் கம்பிகளின் (ஸ்போக்) இடைவெளி வழியாக ஸ்பிரே டிஸ்க்கிலும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரிலும் படியும், கம்பிகளின் பக்கவாட்டு முகங்களுக்கும் கை எட்டாது. ஒரு நேரத்தில் ஒரு வீலைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் வண்டி ஜாக்கியில் தொங்க வேண்டியதில்லை. அவசரமில்லாமல் ஒரு நாளுக்கு ஒரு வீல். புது டயர் போடும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். டயர் மாற்றும் மெஷினின் பிடி ரிம் விளிம்பில் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

மூன்று இடங்களில் ரப்பர் படவே கூடாது. ஒன்று, நட்டு உட்காரும் குழி. அங்கே ரப்பர் இருந்தால் ஸ்பேனரால் இறுக்கும்போது இறுகிய மாதிரி தெரியும். ஓட ஓட ரப்பர் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். எல்லாத் துவாரத்திலும் தாளைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். இன்னொன்று வீலின் பின்புறம், ஹப்போடு (வண்டியில் வீல் மாட்டும் பாகம்) ஒட்டும் தட்டை முகம். அதற்கும் அதே காரணம். மூன்றாவது பலரும் கவனிக்காதது: வீலின் உள்வளையம், பேலன்சிங் எடை ஒட்டுகிற இடம். ரப்பர் மேல் எடையை ஒட்டினால் அது ரப்பரோடு சேர்ந்து கழன்று விழும், அப்புறம் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். வேலை முடிந்து வீலை மாட்டிய பிறகு, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் கழுவினால் மட்டும் போதாது, பிரேக் தூசி கறுப்பாக அப்பியிருக்கும். ஷாம்பூ போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். டயர் பாலிஷின் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்காது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டின் சீட்டுகளை வரிசையாகச் செருகுங்கள். மாஸ்கிங் டேப்பைவிட இது சுலபம்.

டின்னை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளி வைத்து அடிக்க வேண்டும். முதல் கோட் தூவின மாதிரி இருந்தால் போதும், அடி நிறம் பாதி தெரியலாம். அடுத்தடுத்த கோட் ஈரமாக, மினுமினுவென்று விழ வேண்டும். நடுவில் அரை மணி நேர இடைவெளி. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்து அடிக்காதீர்கள். வீல் கொதித்துக்கொண்டிருந்தால் ஸ்பிரே பாதி வழியிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று படியும். ஐப்பசி மழையிலும் வேண்டாம், ஈரக் காற்றில் கறுப்பு வெளிறிப் புகை படிந்த மாதிரி ஆகும். காலை வேளை, நிழல், காற்றோட்டம் இருந்தால் நல்லது. கரைப்பான் ஆவி சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது, சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்து அடிக்க வேண்டாம். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது; பெயின்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள். அடித்த வீல் ராத்திரி முழுக்கக் காயட்டும். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது.

குரோம் பட்டை வீலைவிடச் சுலபம். வழவழப்பாக இருப்பதால் அழகாக உரிந்து வரும். சுற்றிலும் டேப் ஒட்டி அடியுங்கள். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும்; காய்ந்தபின் இழுத்தால் பட்டையின் ரப்பரும் கூடவே வந்துவிடும். பம்பருக்குக் கீழே வரும் பெயின்ட் அடிக்காத கரடுமுரடு பிளாஸ்டிக் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் சின்னச் சின்னக் குழிகளுக்குள் இறங்கிய ரப்பரைப் பல் குத்தும் குச்சியால்தான் நோண்டி எடுக்க வேண்டியிருக்கும். லைட் மேலும் அடிக்கக் கூடாது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஷாம்பூவும் தண்ணீரும் போதும், ஆசிட் கலந்த வீல் கிளீனர் வேண்டாம். வாட்டர் சர்வீஸ் பையனிடம் பம்ப்பை ரிம் விளிம்பில் கிட்டே வைத்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்ரோல் இந்த ரப்பரைக் கரைத்துவிடும். பைக் டேங்க்கில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: ஒருமுறை பங்கில் வழிந்தால் போச்சு.

நம் ஊர் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் உரித்துவிடுவது நல்லது. விற்கும் நாள் வரை விட்டால் காய்ந்து பிய்ய ஆரம்பிக்கும். வெயிலில் லேசாகச் சூடேறிய வீலில் விளிம்பை நகத்தால் கிளப்பி, மெதுவாகச் சுருட்டிக்கொண்டே இழுங்கள். பிய்கிற இடம் இருந்தால் அதன் மேலேயே இன்னும் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு இழுத்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து வரும். மூலை முடுக்கில் நிற்கும் மிச்சத்தை டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டுத் துணியால் தேய்த்து எடுக்கலாம். இந்த ரெண்டு கோட்டுக்காகவே ஒரு டின்னை எடுத்து வையுங்கள். மூடி வைக்கும் முன் அதைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும் வரை அடித்தால் நாசில் அடைக்காது. காரின் டிக்கியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், வெயிலில் வெடிக்கும்.