மாதம் 130 வெள்ளி மாத்திரை, அப்பாவுக்குத் தேவையா?

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பாவுக்கு வயது 58. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பால்மரம் சீவினார், அப்புறம் செம்பனைக் குலை வெட்டினார். இதயம் பலவீனம் என்று மூன்று மாத்திரை சாப்பிடுகிறார், எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 30 சதவீதம் என்று இருக்கிறது. இந்த வருஷம் இரண்டு தடவை கால் வீங்கி, மூச்சு வாங்கி, வார்டில் இருந்தார். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் டாபாகிளிஃப்ளோசின் சேர்க்கச் சொல்கிறார்கள், பார்மசியில் மாதம் 130 வெள்ளி (ரிங்கிட்). அது இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரை, அப்பாவுக்குத்தான் இனிப்புநீர் இல்லையே என்கிறார் மாமா. போடும் காசுக்குப் பலன் உண்டா? ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: மாமா சொல்வது பாதி சரிம்மா. அது இனிப்புநீருக்கு வந்த மாத்திரைதான். ஆனால் 2019-இல் வெளிவந்த டாபா-எச்எஃப் ஆய்வில் இருந்த 4,744 பேரும் அப்பாவைப் போல இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 40 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்கள், அதில் பாதிக்கு மேல் இனிப்புநீர் இல்லாதவர்கள். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷத்தில் மருந்து இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 21 பேர் இதயம் மோசமாகி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் அல்லது இதய நோயால் இறந்தார்கள். இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 பேர். இனிப்புநீர் இல்லாதவர்களுக்கும் அதே பலன்தான்.

சரி, காசுக்கு வருவோம். உங்கள் 130 வெள்ளியையே வைத்து, 100 பேருக்கு 18 மாதம் என்றால் 2,34,000 வெள்ளி. தப்பித்தவர்கள் 5 பேர், ஆக ஒருவருக்கு ஏறக்குறைய 47 ஆயிரம். இப்போது இன்னொன்றைப் பாருங்கள்: அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளிதான் கட்டுகிறோம், மீதிச் செலவு பெரும்பாலும் அரசாங்கத்துடையது. அப்பா வார்டில் படுக்காமல் இருந்தால் பெரிய மிச்சம் அவர்களுக்கு, மாத்திரைக் காசு மட்டும் உங்கள் கையிலிருந்து. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு மிச்சமாவது நீங்கள் லீவு போடும் நாள், ஈப்போவுக்குப் போய்வரும் கார் செலவு, அப்புறம் அப்பா ராத்திரி படுத்துத் தூங்குவது. இதற்கெல்லாம் யாரும் பில் போடுவதில்லை, ஆனால் அதுதான் பெரிசு.

அதனால் பார்மசியில் காசைக் கொட்டுவதற்கு முன் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போய், அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே ஒரு தடவைக்கு 5 வெள்ளிக்கு மேல் போகாது, அவர்கள் எழுதிக் கொடுத்தால் மருந்தும் அதிலேயே அடங்கும். இந்த மாத்திரை அங்கேயே கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த மூன்று மாத்திரை என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதில் ஸ்பைரோனோலாக்டோன் இருக்கிறதா? பழைய, மலிவான மாத்திரை. 1999-இல் வந்த ஆய்வில், நோய் முற்றியவர்களிடம் இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 46 பேரிலிருந்து 35 ஆகக் குறைந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் என்பதால் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது. அப்பாவுக்கு அது இல்லையென்றால், ஏன் இல்லை என்று முதலில் கேளுங்கள். மலிவானதை விட்டுவிட்டு விலை உயர்ந்ததைப் பிடிப்பது நம்ம வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டாம். ஆய்வில் தினமும் 10 மில்லிகிராம் கொடுத்துத்தான் பார்த்தார்கள். பாதி கொடுத்தால் பாதிப் பலன் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. காசு முடியவில்லை என்றால் டாக்டரிடமே அதைச் சொல்லுங்கள்.

இது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை, சிறுநீர் போகும் இடத்தில் அரிப்பு வரலாம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாள்களில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அப்பா தைப்பூசத்துக்குக் கடுமையாக விரதம் இருப்பவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போகும்போது எக்கோ ரிப்போர்ட்டோடு மூன்று மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.