தொண்டைமானாற்றுக் கதவணை: கேட்டவையும் பதில்களும்

மாரி தொடங்கும் நேரம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடனீரேரி கடலோடு சேரும் இடத்தில், தொண்டைமானாற்றில், கதவுகள் வைத்துக் கட்டிய அணைதான் இந்தக் கதவணை. அது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கதவுகள் இருந்தும் ஏன் வயலுக்குள் வெள்ளம் ஏறுகிறது? (கப்பூது விவசாயி)

அண்ணை, கதவைத் திறந்தாலும் வடமராட்சி ஏரியின் மட்டம் கடலைவிட உயர்ந்து நின்றால்தான் தண்ணீர் வெளியே போகும். வாடைக்காற்று இறுக்கி அடிக்கிற நாளில் கரையோரக் கடலும் உயர்ந்துவிடும். ஏரி கடலில் சேரும் வாய்ப் பக்கம் மணலும் மூடும். அந்த நேரம் கதவு திறந்திருந்தும் பலன் குறைவு. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மாதிரி மழைக்கு எந்தக் கதவும் காணாது.

அப்படியென்றால் மாரி முழுக்கத் திறந்தே விடலாமே? (அச்சுவேலி)

வயலுக்கு நல்லது, கிணற்றுக்குக் கூடாது. எங்கள் சுண்ணக்கல் நிலத்துக்குள் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதந்துதான் நிற்கிறது. மழைத்தண்ணீர் நிலத்துக்குள் ஊறுவது குறைந்தால் கிணற்றில் உவர் ஏறும். 1950களில் இந்த அணையைக் கட்டியதே மழைத்தண்ணீரை மறித்து, கடல்நீரை உள்ளே விடாமல், ஏரியை மெல்ல மெல்ல நன்னீராக்கத்தான். முதல் மழையில் ஏரிப்படுக்கையின் உப்புக் கரையும். அதைக் கடலுக்கு விட்டுவிட்டு, பின்மழையை மறிக்க வேண்டும். எந்த நாளில் மூடுவது என்பதில்தான் சண்டை. வயல்காரர் திற என்பார், தோட்டக்காரர் மூடு என்பார், இறால் பிடிப்பவருக்கு உவர்நீர் வேண்டும். என்னைக் கேட்டால், மழை ஓயும்வரை காத்திருந்து மூடுவது வீண். அதற்குள் நல்ல தண்ணீரெல்லாம் கடலோடு போயிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்கிறார்களே, அது என்ன? (மாணவி)

பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம், பிள்ளை. கனகராயன் ஆறு கொண்டுவரும் நன்னீரை ஆனையிறவு ஏரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி ஏரிக்கு எடுப்பது. இந்தக் கதவணை அதன் கடைசி வாசல். அரியாலையில் உப்பாற்றுக்கும் ஒன்று உண்டு.

வழுக்கையாற்றுக்கும் இப்படி இருக்கிறதா?

இருக்கிறது, அராலியில்.

செல்வச்சந்நிதி கோயிலுக்கு வரும்போது பிள்ளைகள் அணையடியில் குளிக்கலாமா? (வல்வெட்டித்துறை)

கோயில் பக்கத்துப் படிக்கட்டில் குளியுங்கள், அக்கா. கதவு திறந்திருந்தால் அணைக்குக் கிட்டவும் போக விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும். கதவுக்கு அடியால் தண்ணீர் இழுக்கும், கீழ்ப்பக்கம் சுழி திருப்பி அணையடிக்கே கொண்டுவரும். நன்றாக நீந்துபவரும் மீள்வது கடினம்.

தூண்டில் போடலாமா?

கதவு மூடியிருந்தால் போடலாம், தம்பி. பாசி பிடித்த அணைக்கட்டின் மேல் மட்டும் நிற்காதே.