2^61 − 1 பகா எண் இல்லையா? என் பைதான் நிரல் அதை ஏன் 2ஆல் வகுபடுவதாகக் காட்டுகிறது?

அது பகா எண்தான். உங்கள் பைதான் நிரல் சோதிப்பது வேறொரு எண்ணை.

அடுக்கு காண மேத் மாட்யூலின் பவ்வைப் (math.pow) பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தசம எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாகத்தான் விடை தரும். ஃப்ளோட்டில் 53 பிட்டுக்கு (இரும இலக்கத்துக்கு) மேல் துல்லியம் கிடையாது. அதனால் 1ஐக் கழித்தாலும் கழிக்காத மாதிரியே நிற்கும்: 2305843009213693952. இரட்டை எண், அப்புறம் 2ஆல் வகுபடாமல் என்ன செய்யும்?

2**61 - 1 என்று நேரடியாக எழுதி அச்சிட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் 1 வர வேண்டும். 2 வந்தால் எங்கோ இன்னும் ஃப்ளோட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதைச் சரிசெய்த பிறகு வேகம் படுத்தும். வர்க்கமூலம் 151 கோடிக்கு மேல், 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் விடிந்துவிடும். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 122k + 1 வடிவில்தான் இருக்க முடியும். 123, 245, 367 என்று 122 கூட்டிக்கொண்டே போங்கள். சுமார் 1.24 கோடி வகுத்தலில் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம்: அடுக்கு பகா எண் என்பதால் விடையும் பகா எண் ஆகிவிடாது. 2^11 − 1 = 2047 = 23 × 89. 2^n − 1 எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் ஆகும் என்று கணிதவியலாளர் மெர்சென்னே 1644இல் வெளியிட்ட பட்டியலில் 67ஐச் சேர்த்து 61ஐ விட்டுவிட்டார், இரண்டுமே தப்பு. 2^61 − 1 பகா எண்தான் என்று 1883இல் ரஷ்யக் கணிதவியலாளர் பெர்வூஷின் நிரூபித்தார், கணினி இல்லாமலே.