வசந்தம் முடியும் நாட்களுக்கு ஏற்ற ஜப்பானியப் பாடல்கள் எவை?

வசந்தத்தின் கடைசி வாரங்களில் கேட்கத் தகுந்த ஜப்பானியப் பாடல்களைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். முதலில் செர்ரிப் பூப் பாடல்கள் அத்தனையையும் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால் செர்ரி என்றாலே படிப்பு முடிவது, ரயில் நிலையம், பிரிவு, கண்ணீர் என்று ஆகிவிட்டது. இணையத்தில் ஜப்பானிய வசந்தப் பாடல்களைத் தேடினால் வந்து குவிவதும் இவைதான்.

ஏப்ரல் பிற்பாதியில் தொடங்கி, ஜூன் முற்பாதியில் மழைக்காலம் பிடித்துக்கொள்ளும் வரையிலான நாட்கள் வேறு ரகம். பூ உதிர்ந்த மரமெல்லாம் தளிர் விட்டிருக்கும். வயலில் தண்ணீர் கட்டுவார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளுவார்கள். பொழுது சாய நேரமாகும். இந்தப் பருவத்துப் பாடல்களில் அழுகை குறைவு. எது பூத்தது, எந்தப் பறவை கூவியது, காற்றில் என்ன மணம் வந்தது என்று பார்த்துப் பார்த்துச் சொல்கின்ற பாடல்கள் இவை. எனக்குச் செர்ரிப் பாடல்களைவிட இவற்றின் மேல்தான் பிரியம் அதிகம்.

முதலில் 'ஒபோரோசுகியோ'வைக் கேளுங்கள். மங்கிய நிலவு காயும் இரவைப் பற்றிய பாட்டு. 1914-ல் தொடக்கப் பள்ளி ஆறாம் வகுப்புப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. அந்த வரிசைப் புத்தகங்களில் எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை அச்சிடும் வழக்கம் இல்லை. பாடலை எழுதியவர் தகானோ தத்சுயுகி, இசையமைத்தவர் ஒகானோ தெய்இச்சி என்று பின்னாளில் அறியப்பட்டது. தகானோ பிறந்தது நாகானோ மாநிலத்தின் வடக்குப் பகுதி. பனி தாமதமாக உருகும் ஊர்கள் அவை. அங்குள்ள இய்யாமாவில் கடுகு இனத்து மஞ்சள் பூக்கள் மே மாதத் தொடக்கத்தில்தான் வயல் நிறையப் பூக்கும். பாட்டும் அப்படி ஒரு பூவயலில், பொழுது மங்கும் நேரத்தில் தொடங்குகிறது.

இதன் இரண்டாவது சரணத்துக்காகவே இந்தப் பாட்டை முதலில் வைத்தேன். வீட்டு விளக்கின் ஒளியும், காட்டின் நிறமும், வயல் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்துபோகிறவரும், தவளைச் சத்தமும், கோயில் மணியோசையும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், எல்லாமே மூட்டத்தில் மங்கிக் கிடக்கின்றன என்று கடைசியில் முடிக்கிறார் தகானோ. கண்ணால் பார்ப்பது மூட்டத்தில் மங்குவது இயல்பு. தவளையின் குரலையும் மணியோசையையும் அதே மூட்டத்துக்குள் கொண்டுபோனாரே, அங்கேதான் இது பள்ளிக்கூடப் பாட்டு என்பது மறந்துபோகிறது. மூன்று தட்டு நடையில் தாலாட்டுப் போல அசைந்து போகும் மெட்டு. பெரிய வாத்தியக் குழுவோடு பாடிய பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பியானோவும் ஒரு குரலும் போதும். மழலைக் குரலில் கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது 1896-ல் வெளிவந்த 'நத்சு வா கினு'. கோடை வந்துவிட்டது என்று ஒவ்வொரு சரணமும் முடிவதால், இது கோடைப் பாட்டல்லவா என்று கேட்பீர்கள். பழைய ஜப்பானியக் கணக்கில் மே 5 அல்லது 6-ம் தேதியே கோடை பிறந்துவிடும். நாம் வசந்தத்தின் கடைசி என்று நினைக்கும் நாட்களில் அவர்கள் கோடையின் முதல் அடையாளங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தேடல்தான் பாட்டு. எழுதிய சாசாகி நோபுத்சுனா பெரும் கவிஞர், ஜப்பானிய மொழிக் கவிதைகளின் மிகப் பழைய தொகுப்பான 'மன்யோஷூ'வை ஆராய்ந்த அறிஞர். அதனால் ஒவ்வொரு சரணமும் 5, 7, 5, 7, 7 ஒலியசைகள் கொண்ட தான்கா என்னும் பழைய குறுங்கவிதை அளவில் நிற்கிறது. அதன்மேல் அந்த முடிப்பு வரி ஒட்டிக்கொள்கிறது. இசை கோயாமா சகுனோசுகே.

முதல் சரணத்தில் வேலி நிறைய வெள்ளைப் பூ. அங்கே வந்துவிட்ட சின்னக் குயில் இன்னும் குரலை முழுதாக வெளியே விடாமல் அடக்கிக் கூவுகிறது. இரண்டாவதில் மழையில் பாவாடை ஓரம் நனைய நாற்று நடும் பெண்கள். நான்காவதில் ஆற்றோர வீட்டருகே ஒரு மரம் பூவை உதிர்க்கிறது. ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அந்த மரம் நம் மலைவேம்புக்கு நெருங்கிய உறவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சரணம் எனக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது. ஐந்தாவது சரணம் மின்மினி, பறவை, பூ, நாற்று என்று முன்னால் சொன்னவற்றையெல்லாம் மறுபடி அழைத்து ஓர் இரவுக்குள் சேர்த்துவிடுகிறது. பல பதிவுகளில் முதல் இரண்டு சரணங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தும் உள்ள பதிவைத் தேடிக் கேளுங்கள்.

குழந்தைகளுக்குப் பழக்க வேண்டும் என்றால் 1912-ன் 'சாத்சுமி' இருக்கிறது, தேயிலை கிள்ளும் பாட்டு. பிப்ரவரியில் வசந்தம் பிறப்பதாகக் கொள்ளும் நாளிலிருந்து எண்ணி வரும் எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே 2-ஐ ஒட்டிய நாள், பாட்டின் முதல் வரியிலேயே வருகிறது. அதன்பின் பயிருக்கு உறைபனி பயம் இல்லை என்பது உழவர்களின் கணக்கு. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கை தட்டி விளையாடுகிற பாட்டு இது. வரி முடிந்து குரல் நிற்கும் இடத்தில் எதிராளியின் இரு உள்ளங்கையிலும் 'தொன், தொன்' என்று இரண்டு தட்டு. பாடாத அந்த இடம் வரட்டும் என்றுதான் குழந்தைகள் காத்திருப்பார்கள்.

பழைய பாடல்கள் வேண்டாம், இக்காலத்துப் பாடல் ஒன்று சொல்லுங்கள் என்றால், தயங்காமல் ஹிதோதோ யோ 2004-ல் பாடிய 'ஹனமிசுகி'. செர்ரி முடிந்ததும் தோக்கியோ வீதிகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் அமெரிக்க மரத்தின் பெயர் அது. 1912-ல் தோக்கியோ மேயர் ஒசாகி யுகியோ வாஷிங்டனுக்குச் செர்ரிக் கன்றுகளை அனுப்பினார். அதற்குப் பதில் மரியாதையாக 1915-ல் அமெரிக்காவிலிருந்து வந்தவை இந்த மரங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் அதிர்ச்சியில் ஹிதோதோ யோ எழுதத் தொடங்கிய பாட்டு இது. பாட்டில் அந்தத் தாக்குதலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வானத்தை மேலே தள்ளுவதுபோல் கை நீட்டும் ஒருவர், மே மாதம், நீயும் உன் அன்புக்குரியவரும் நூறாண்டு சேர்ந்திருக்க வேண்டும் என்ற வேண்டுதல், அவ்வளவுதான். தன் ஆசையை விட்டுக்கொடுத்து மற்றவரை வாழ்த்தும் குரல் என்பதால் எத்தனை முறை கேட்டாலும் இதில் திகட்டல் இல்லை.

ஸ்பிட்ஸ் குழு 1995 ஏப்ரலில் வெளியிட்ட 'ராபின்சன்' பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றோரச் சாலை, சைக்கிள், புதுப் பருவம். மாலை நடைக்கு மிகப் பொருத்தம். சென் மசாவோ 1977-ல் பாடிய 'கிதகுனி நோ ஹாரு' ஆசியா முழுக்கப் பல மொழிகளில் பாடப்பட்டது. நகரத்தில் பருவம் மாறுவதே தெரியாதே என்று ஊரிலிருந்து அம்மா அனுப்பிய சிறு பொட்டலத்தைப் பற்றிய பாட்டு. வீட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் எவரும் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இத்தனைக்கும் மேலாக நான் வைப்பது மிசோரா ஹிபாரியின் 'ரிங்கோ ஒய்வாகே'. 1952-ல் ஒரு வானொலி நாடகத்துக்காக உருவானது. எழுதியவர் ஒசாவா புஜியோ, இசை யோனேயாமா மசாவோ. ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் உள்ள அவோமோரி மாநிலத்தின் த்சுகாரு பகுதிதான் களம். ரிங்கோ என்றால் ஆப்பிள். அங்கே ஆப்பிள் மரங்கள் மே மாதத்தில்தான் பூக்கும். தெற்கே எல்லாம் முடிந்த பிறகும் வசந்தம் அங்கே மிச்சம் இருக்கிறது. ஒய்வாகே என்பது குதிரையில் சுமை ஏற்றிச் செல்பவர்கள் பாடிய நாட்டுப்பாடல் வகை. தாளத்துக்குக் கட்டுப்படாமல் ஒரே எழுத்தை இழுத்து வளைத்துப் பாடுவார்கள். ஹிபாரி நிலவொளியைச் சொல்லும் இடத்தில் குரலை மேலே ஏற்றி, உடையும் விளிம்பில் நிறுத்தி, மெல்ல இறக்குவார்.

நடுவில் பாட்டு நிற்கிறது. அவ்வூர்ப் பேச்சு வழக்கில் ஒரு பெண் பேசுகிறாள். இவாகி மலை உச்சியில் பஞ்சுபோல் மேகம், பீச் பூத்தது, செர்ரி பூத்தது, அதன் பிறகு ஆப்பிள் பூக்கும் காலமே எங்களுக்குச் சந்தோஷமான காலம் என்கிறாள். மழை வந்து அந்தப் பூவை உதிர்க்கும்போது தோக்கியோவில் இறந்துபோன அம்மாவின் நினைவு வருகிறது. அழுகை கலந்த அந்தப் பேச்சிலிருந்து மறுபடி பாட்டுக்குள் நுழையும் ஹிபாரிக்கு அப்போது வயது பதினைந்தை ஒட்டித்தான். பிற்காலத்தில் மேடைகளில் அவர் இதை இன்னும் விரித்து, இன்னும் நேர்த்தியாகப் பாடியிருக்கிறார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 1952 பதிவு. பேச்சுப் பகுதியை வெட்டிய தொகுப்புகளும் உண்டு, அவற்றை எடுக்காதீர்கள்.