ஆள் பிடிக்கிறார்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் மகனுக்கு அவன் கேட்ட பல்கலைக்கழகங்கள் எதிலும் இடம் கிடைக்கவில்லை, டி ஆன்சா என்கிற இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து முதல் வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசை. ஊரில் சொன்னால் ஐடிஐயா என்று கேட்கிறார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். போன வாரம் காலேஜில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்து ஆள், "உங்கள் காலேஜோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, உன் கிரெடிட் (முடித்த பாடங்களின் கணக்கு) எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம், விண்ணப்பக் கட்டணம் வேண்டாம், ஃபீஸில் சலுகையும் உண்டு" என்று சொல்லி, ஒரு பையும் டீஷர்ட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவன் அங்கேயே போவதாகத் தீர்மானித்துவிட்டான். "இதெல்லாம் ஆள் பிடிக்கிற வேலை" என்கிறாள் என் மனைவி. நம்பலாமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டம்மா சொல்வது சரி. ஆள்தான் பிடிக்கிறார்கள். அதை அவர்களே மறைப்பதில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரின் வேலையே அதுதான், சம்பளமும் அதற்குத்தான். அமெரிக்காவில் 2007இல் ஏறக்குறைய 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அடுத்த வருடமே பொருளாதாரம் விழுந்தது, பிறப்பும் குறைய ஆரம்பித்தது, இன்றுவரை பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. அந்த 2007 பிள்ளைகளுக்கு 2025இல் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு வருடமும் வகுப்புக்கு வரக்கூடிய பிள்ளைகள் குறைவு. பெரிய பெயர் உள்ள இடங்களுக்குக் கவலையில்லை, நடுத்தரமான தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதோடு, முதல் வருடம் சேர்ந்தவர்களில் ஒரு பங்கு பேர் பாதியில் போய்விடுவதால் மூன்றாம் வருட வகுப்பில் இடம் காலியாகக் கிடக்கும். அங்கே உட்கார வைக்க, உங்கள் பையனைப் போல இரண்டு வருடம் வேறு இடத்தில் முடித்துவிட்டு வரப்போகிற ஒருவன் தேவை.

ஆள் பிடிப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பிடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஐடிஐ பேச்சுக்கு ஒரு வார்த்தை. 1901இல் சிகாகோவுக்குப் பக்கத்து ஜோலியட்டில், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரும் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பிரவுனும் சேர்ந்து ஆறு மாணவர்களோடு ஆரம்பித்ததுதான் இந்நாட்டின் முதல் அரசுக் கம்யூனிட்டி காலேஜ். முதல் இரண்டு வருடப் பாடத்தை உள்ளூரில் படித்துவிட்டு மேலே போகட்டும் என்பதுதான் யோசனையே. கலிஃபோர்னியா 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டமும் அப்படித்தான்: பள்ளி முடிப்பவர்களில் படிப்பில் முதலில் வரும் எட்டில் ஒரு பங்குக்கு யூசி என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதலில் வரும் மூன்றில் ஒரு பங்குக்குக் கால் ஸ்டேட் என்கிற மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மேலே ஏற ஒரு படிக்கட்டு. நம்மூரில் டிப்ளமோ முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டு பிஇ சேர்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். செலவையும் சொல்லலாம். இங்கே குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் பாடங்களை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர், 2012இலிருந்து அதே விலை. டி ஆன்சா மாதிரி, செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாக வருடத்தைப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் 31. யூசியில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். "கிரெடிட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம்" என்றார் அல்லவா, அதில் பொய் இருக்காது. எடுத்துக்கொள்வது வேறு, பட்டத்துக்குக் கணக்கில் சேர்ப்பது வேறு. மொய்யை வாங்கி நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு பந்தியில் இலை போடாமல் விடுவது மாதிரி. என் நண்பரின் மகள் இதில் மாட்டினாள். 64 யூனிட் கொண்டுபோனாள், 64ஐயும் ஏற்றுக்கொண்டார்கள், கடிதமெல்லாம் வந்தது, வீட்டில் பாயசம். சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதில் 19 யூனிட் விருப்பப் பாடக் கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று. அவள் எடுத்திருந்த பிசிக்ஸ், கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ். மறுபடி எடு என்றுவிட்டார்கள். அதை முடித்தால்தான் அடுத்த பாடம், அடுத்தது வசந்த காலத்தில் மட்டும்தான் நடக்கும், ஆக மொத்தம் ஒரு வருடம் கூடுதல். தள்ளுபடியில் மிச்சமானதைவிட அந்த ஒரு வருடச் செலவு அதிகம். (உங்கள் பையனைக் கேளுங்கள், டி ஆன்சாவிலேயே பிசிக்ஸ் 2ஏ என்று ஒன்றும் 4ஏ என்று ஒன்றும் இருக்கும். இன்ஜினியரிங்குக்கு 4ஏ. 2ஏ சுலபம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.)

இவள் ஒருத்தி கதை மட்டுமில்லை. 2004க்கும் 2009க்கும் இடையில் கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. எல்லா வகை மாற்றத்தையும் சேர்த்த கணக்கு அது. ஆனாலும் கிட்டத்தட்ட பாதி!

உருப்படியாக நடக்கிற ஒப்பந்தங்களும் உண்டு. வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் நோவா என்கிற நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜும் 2018இல் அட்வான்ஸ் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தன. பையன் நோவாவில் சேரும்போதே மேசனில் எந்தப் பட்டம் என்று முடிவுசெய்து, முதல் நாளிலிருந்து கடைசிவரை எடுக்க வேண்டிய பாடங்களின் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், கூடவே இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒரு வழிகாட்டி. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் 2006இலிருந்து நடக்கும் டைரக்ட்கனெக்ட்டும் இதே ஜாதி, அங்கே சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆலோசகர்கள் வாலென்சியா காலேஜ் வளாகத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களும் ஆள் பிடிப்பவர்கள்தான். ஆனால் முதல் வருடமே பிடித்து, ஒரு பாடமும் வீணாகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். டீஷர்ட் கொடுத்தார்களா என்று தெரியாது.

உங்கள் பையன் இருப்பது கலிஃபோர்னியாவில். இங்கே அசிஸ்ட் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் இன்று ராத்திரியே பக்கத்தில் உட்காருங்கள். டி ஆன்சா, போக விரும்பும் யூசி, மேஜர் என்கிற முதன்மைப் பாடம், மூன்றையும் கொடுத்தால் இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடமும் வலது பக்கம் அதற்கு ஈடான டி ஆன்சா பாடமும் வரிசையாக வரும். சில இடத்தில் ஈடான பாடம் இல்லை என்று போட்டிருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஓலோனி காலேஜ் இருக்கிறதே, ஒரு கால்குலஸை அங்கே எடுக்கிறேன் என்று கிளம்புவான். ஓலோனி செமஸ்டர், டி ஆன்சா குவார்ட்டர். தொடர் பாடத்தைப் பாதி அங்கே பாதி இங்கே என்று பிரித்தால் இரண்டும் பொருந்தாமல் தொங்கும்.

அந்தத் தளம் முக்கியமாக மாநில அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியது. டீஷர்ட் கொடுத்த தனியார் பல்கலைக்கழகம் அதில் இல்லாமல் போகலாம். ஆகவே அந்த ஆளுக்கே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள், பையனே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். இதுவரை எடுத்த பாடங்களையும் எடுக்கப் போகிறவற்றையும் எழுதி, இதில் எது மெக்கானிக்கல் பட்டத்துக்குக் கணக்கில் சேரும், மீதி எத்தனை பாடம், எத்தனை செமஸ்டர் என்று எழுத்தில் கேட்கட்டும். அப்புறம், அந்தச் சலுகை இரண்டு வருடத்துக்கும் உண்டா, முதல் வருடத்துக்கு மட்டுமா என்பதையும்.

கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு யூசி தரும் டேக் என்கிற இட உத்தரவாதத்தையும் விட்டுவிடாதீர்கள். டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். மேஜருக்கு மேஜர் விதி மாறும், சாண்டா பார்பராவில் இன்ஜினியரிங் கல்லூரிக்கு டேக்கே கிடையாது, நாலு பேர் வருடா வருடம் அதில் ஏமாறுகிறார்கள். உங்கள் பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மின்னஞ்சலுக்குப் பதில் வந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.