ஹைட்ரோ டெஸ்ட் தாங்கிய ஜாயிண்ட்டை ஏற்கலாமா?

கேள்வி: எங்கள் ஆலையில் 6 அங்குல தெர்மிக் ஃப்ளூயிட் லைன் புதிதாகப் போட்டிருக்கிறோம். ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல் பைப், ஷெட்யூல் 40 தடிமன். வெப்பத்தைக் கொண்டுசெல்லும் எண்ணெய் 250 டிகிரியில் ஓடும். ஒரு ஜாயிண்ட்டில், ரூட்டில் (பைப்பின் உள்பக்கம் வரும் வெல்டிங்கின் அடிப்பகுதி) 32 மி.மீ. நீளத்துக்கு வெல்டிங் ஊடுருவவில்லை என்று ரேடியோகிராபி (எக்ஸ்ரே போல ஊடுருவிப் படமெடுக்கும் சோதனை) ரிப்போர்ட் வந்திருக்கிறது. காண்ட்ராக்டரோ, லைனில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்ததைக் காட்டி, “16 பார் ஹைட்ரோ டெஸ்ட்டுல ஒரு சொட்டு ஒழுகல, இதுக்கு மேல என்ன சார் வேணும்?” என்கிறார். ஏற்கலாமா, வெட்டச் சொல்லவா?

பதில்: இப்போது கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து ஏற்காதீர்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போடாதீர்கள்.

முதலில் அந்த ஹைட்ரோ டெஸ்ட் வாதம். உங்கள் பைப்பின் வெளிவிட்டம் 168.3 மி.மீ., சுவர்த் தடிமன் 7.11 மி.மீ. 16 பாரில் பைப் சுவரில் சுற்றுவாட்டில் ஏறும் தகைவு (ஒரு பரப்பில் விழும் இழுவிசை) சுமார் 19 மெகாபாஸ்கல். பைப்பைச் சுற்றிப் போட்ட வெல்டிங்கை இழுப்பது அதில் பாதிதான், 10-ஐக்கூடத் தொடாது. அந்த இரும்பு பழைய நிலைக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்குவதோ 240-இல். மொத்தச் சுற்றளவு 529 மி.மீ.; அதில் 32 மி.மீ. அரைகுறையாக இருந்தாலும் டெஸ்ட்டைத் தாங்கத்தான் செய்யும். லைனைச் சூடேற்றும்போதுதான் உண்மையான சோதனை. 250 டிகிரி ஏறினால் 10 மீட்டர் பைப் ஏறக்குறைய 30 மி.மீ. நீளும். அந்த நீட்சி வளைவுகளையும் ஜாயிண்ட்டுகளையும் வளைக்கும். நிறுத்தி ஓட்டும் ஒவ்வொரு முறையும் மறுபடி வளைக்கும். ரூட்டில் இருக்கும் பிளவு அப்போதுதான் வாய் திறக்கும். கசிவது சூடான எண்ணெய் என்பதை மறக்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் நின்ற சோதனை இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

அப்படியானால் கட்டாயம் வெட்ட வேண்டுமா? இங்கே ஒரு விலக்கு உண்டு. காண்ட்ராக்டர் இன்றில்லாவிட்டால் நாளை இதைத் தூக்கிக்கொண்டு வருவார், ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். ஆலைக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிப்படி, சாதாரண சேவை லைனில் (அந்த விதி தனியாகக் கடுமையானது என்று வகைப்படுத்தாத லைனில்) ரூட் ஊடுருவாமை ஓரளவு அனுமதிக்கப்பட்டதுதான். எந்த 150 மி.மீ. வெல்டிங்கை எடுத்தாலும் மொத்தம் 38 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் 32 அதற்குள் வருகிறது. ஆனால் நிபந்தனை இரண்டு. ஆழமும் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். “32 தானே, 38-க்குள்ள வந்துடுச்சே” என்பவர்கள் இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். ரேடியோகிராபி ஃபிலிம் நீளத்தைக் காட்டும், ஆழத்தை அளந்து சொல்லாது. ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக் என்ற ஒலியலைச் சோதனை மூலம் ஆழத்தை அளந்து, 1 மி.மீ.க்குள் என்று எழுதித் தந்தால் ஏற்கலாம். தராவிட்டால் வெட்டு. விரிசல் என்றாலோ, உலோகம் ஒட்டவே இல்லை என்றாலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவற்றுக்கு அனுமதி பூஜ்யம்.

அதனால் ஃபிலிமை நீங்களே விளக்குப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். ஊடுருவாமை வெல்டிங்கின் நட்டநடுவே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேரான கருங்கோடாகத் தெரியும். கோடு ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு விளிம்பு மட்டும் நேராக இருந்தால், ஒட்டாமையோ என்று சந்தேகப்படுங்கள். ரிப்போர்ட்டில் வார்த்தையை மாற்றிப் போட்டு ஜாயிண்ட்டைத் தப்பிக்கவைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசமானதும் உண்டு. ஒரு தளத்தில் நான்கு வெவ்வேறு ஜாயிண்ட் எண்கள் போட்ட ஃபிலிம்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் அதே ஊசித்துளை, அதே அலைவரி. நல்ல ஜாயிண்ட் ஒன்றையே நான்கு முறை படமெடுத்து, ஃபிலிமில் ஜாயிண்ட் எண்ணைப் பதியவைக்கும் ஈய எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். படமெடுப்பவருக்குச் சம்பளம் காண்ட்ராக்டர் கையிலிருந்து போகும்வரை இது நிற்காது. யாருடைய வேலையைச் சோதிக்கிறோமோ, அவரிடமே சோதனைக் கூலியையும் கொடுத்துவிட்டு நியாயம் எதிர்பார்ப்பது என்ன ஏற்பாடோ, இத்தனை வருடங்களில் எனக்குப் புரிந்ததில்லை. ரேடியோகிராபி ஆர்டரை உங்கள் கம்பெனியே நேரடியாகக் கொடுக்கட்டும். ஃபிலிம்களும் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஜாயிண்ட் நிராகரிக்கப்பட்டால் அதோடு விடாதீர்கள். அதே வெல்டர் போட்ட இன்னும் இரண்டு ஜாயிண்ட்டுகளைப் படமெடுக்கச் சொல்கிறது விதி. எந்த இரண்டு என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஏணி போட்டு ஏறவேண்டிய, கை நுழையாத இடத்தில் இருப்பதாகப் பாருங்கள். காண்ட்ராக்டர் காட்டுவது கண்மட்டத்தில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டதாக இருக்கும். அவற்றிலும் குறை வந்தால், குறைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் இன்னும் இரண்டு.

ரிப்பேர் முடிந்ததும் அந்த ஜாயிண்ட்டை மறுபடி படமெடுத்து, ஹைட்ரோ டெஸ்ட்டையும் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் இவ்வளவு முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: மறுபடி தண்ணீர் நிரப்பி, வடித்து, எண்ணெய் ஏற்றும் முன் லைனை உலர்த்த வேண்டும். மறு டெஸ்ட் முடியும்வரை அந்த ஜாயிண்ட்டின்மேல் இன்சுலேஷன் ஏறவிடாதீர்கள்.